சுட்ட கட்டி முழுசாக வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கல்லீரலில் 2.5 செ.மீ. அளவில் புற்றுநோய்க் கட்டி. பெங்களூரில் காட்டியதில், வயிற்றைத் திறக்க வேண்டாம், ஊசி விட்டு மைக்ரோவேவ் சூட்டில் கருக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "உள்ளே எவ்வளவு தூரம் வெந்தது என்று வெளியில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? லேசர் ஒளியை அடித்து, அதிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டே சூட்டை அளக்கலாம் என்று படித்தேன். அது உண்மையா? நம் பக்கம் எங்கேயாவது இருக்கிறதா? அப்பா திரும்ப மாந்தோப்பு வேலைக்குப் போக எவ்வளவு நாள் ஆகும்?" இதுதான் அவர் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. மருத்துவ இயற்பியல் படித்து, இந்த மாதிரி சிகிச்சை அறைகளில் கருவிகள் பக்கம் நின்று வேலை பார்ப்பவன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் படித்தது உண்மைதான். அந்த முறைக்கு ஃபோட்டோஅகூஸ்டிக் இமேஜிங் என்று பெயர். இங்கே ஒளி-ஒலிப் படம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கல்லீரல் கட்டியைச் சுடும்போது சூட்டைக் கண்காணிக்க அது இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரியை விடுங்கள், பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அன்றாடச் சிகிச்சையில் அது கிடையாது. அது வரட்டும் என்று அப்பாவின் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்குத்தான் சுடும் முறை நன்றாகப் பலன் தருகிறது. 2.5 என்பது நல்ல அளவு, அது வளர விடக்கூடாது.

இனி விவரத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. கட்டியைச் சூடாக்குவது இன்றைக்குப் பெரிய காரியமே இல்லை. சூடு எதுவரை போனது, போன இடத்தில் இருந்த செல் செத்ததா, இந்த இரண்டையும் அந்த நேரத்திலேயே தெரிந்துகொள்வதுதான் பாடு. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஒன்றுக்கு விடை தெரிந்தாலே மற்றதற்கும் தெரிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம், சிக்கல் அங்கேதான் வருகிறது.

சூட்டுக்கும் சாவுக்கும் உள்ள கணக்கைப் பாருங்கள். உடம்புச் சூடு 37 டிகிரி. திசுவை 43 டிகிரியில் வைத்திருந்தால் அது சாக 240 நிமிடம் என்பது இந்தத் துறையில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். சபரெட்டோ, டூயி என்ற இருவர் 1984-இல் கொடுத்த கணக்கு இது. அப்படிப் பார்த்தால் 46 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும், 50-இல் இரண்டு நிமிடம்கூட வேண்டாம், 53-இல் கால் நிமிடம் போதும். 60-ஐத் தாண்டிவிட்டால் புரதம் உடனே உறைந்துவிடும், அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஊசி முனைப் பக்கம் 100 டிகிரியைத் தொட்டுவிடும். அங்கே எந்தச் சந்தேகமும் இல்லை. வெளி ஓரத்தில்தான் கேள்வி வருகிறது. கட்டியைத் தாண்டிச் சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. வரை நல்ல திசுவையும் சேர்த்துச் சுட வேண்டும் என்பது விதி. கண்ணுக்குத் தெரியாத நோய் செல்கள் அந்த ஓரத்தில் இருக்கலாம். அங்கே 50 டிகிரி இருந்ததா, 46 இருந்ததா? 50 என்றால் வேலை முடிந்தது. 46 என்றால் அரை மணி நேரம் தேவை, ஆனால் மைக்ரோவேவை ஐந்து பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். வெறும் நாலு டிகிரி வித்தியாசத்தில் கட்டி திரும்ப முளைப்பதும் முளைக்காததும் தீர்மானமாகிறது. அதுவும் 3 மி.மீ.க்கு மேல் தடிமனான ரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினால், ஓடுகிற ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கம் மட்டும் வேகாமல் தங்கிவிடும். கட்டி திரும்ப வரும் இடங்களில் இப்படிக் குழாயை ஒட்டிய ஓரங்கள் முக்கியமானவை.

இப்போது அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும், கட்டி அதைச் சுற்றிக் கொஞ்சம் கருத்த வட்டமாக இருக்கும். மைக்ரோவேவை ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் முனையில் வெள்ளைப் புள்ளிகள் பொரிய ஆரம்பிக்கும். அப்புறம் அவை ஒன்றாகச் சேர்ந்து வெள்ளைப் படலமாகப் பரவும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டியின் ஓரம் அந்தப் படலத்துக்குள் மறைந்துவிடும், அதற்குப் பின்னால் இருப்பது நிழலில் போய்விடும். எந்த ஓரத்தை நாம் பார்த்தாக வேண்டுமோ, வேண்டிய நேரத்தில் அதுதான் கண்ணில் படாமல் போகிறது. அந்த வெள்ளை, திசு கொதித்து வந்த ஆவியும் வாயுக் குமிழும். குமிழ் இருக்கும் இடமெல்லாம் செத்தது என்று கொள்ள முடியாது, வெள்ளை படாத இடமெல்லாம் பிழைத்தது என்றும் கொள்ள முடியாது. சில குமிழ்கள் ரத்தக்குழாய் வழியாக எங்கேயோ போய் மினுங்கும்.

அந்த நேரத்தில் டாக்டர் நம்பி இருப்பது கருவியோடு வந்த அட்டவணையை, இந்தப் படலத்தை, தன் கை அனுபவத்தை. இத்தனை வாட், இத்தனை நிமிடம் என்றால் இத்தனை செ.மீ. வேகும் என்று அட்டவணை சொல்லும். அந்த எண்கள் பல நேரம், ரத்த ஓட்டம் இல்லாத மாட்டுக் கல்லீரல், பன்றிக் கல்லீரலை மேசையில் வைத்துச் சுட்டு எடுத்தவை. உயிருள்ள மனிதரின் கல்லீரல் அதே போல வேகாது. அனுபவமுள்ள டாக்டர்கள் இதை நன்றாக அறிவார்கள், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சுடுவார்கள்.

சூட்டை நேரடியாக அளக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மெல்லிய தெர்மோகப்புள் கம்பியைக் குத்தி வைக்கலாம். ஆனால் அது ஒரு புள்ளியின் சூட்டைத்தான் சொல்லும், நமக்கு வேண்டியது சுற்றளவு முழுவதும். எம்.ஆர்.ஐ.யால் சூட்டைப் படமாகவே எடுக்க முடியும். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் அதிர்வெண் டிகிரிக்குப் பத்துக் கோடியில் ஒரு பங்கு மாறுகிறது, அந்த நுணுக்கமான மாற்றத்தைப் பிடித்துக் கணக்குப் போடுகிறார்கள். மூளைக் கட்டியை லேசரால் சுடும்போதும், கர்ப்பப்பைக் கட்டியை அல்ட்ராசவுண்டைக் குவித்துச் சுடும்போதும் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் எல்லா ஊசியும் போக முடியாது, செலவும் அதிகம், மூச்சு விட விடக் கல்லீரல் மேலும் கீழும் போகும். கொழுப்பில் இந்தக் கணக்கு வேலை செய்யவும் செய்யாது. சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே, சூடேறினால் ஒலியின் வேகம் மாறுவதை வைத்துச் சூட்டைக் கணிக்கப் பார்த்தார்கள். 50 டிகிரிப் பக்கம் வந்ததும் அந்த மாற்றம் மங்கிவிடுகிறது. நமக்கோ அங்கேதான் தெளிவு வேண்டும்.

சரி, ஒளி-ஒலிக்கு வருவோம். பெங்களூர்ப் பக்கக் கல் குவாரிகளில் பாறையின் மேல் விறகுத் தீயை வரிசையாக மூட்டி, பெரிய பெரிய பலகைகளாகப் பிரித்தெடுத்த முறை நூறு வருடத்துக்கு முன்பே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அடியில் பாறை விட்டுவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. தட்டிப் பார்ப்பார்கள். ஓசை மாறினால் விட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டு தீயை அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். ஒளி-ஒலிப் படத்தின் எண்ணமும் இதுதான்: சூடு செய்த வேலையை ஓசையால் அறிவது. தட்டுவதற்குச் சம்மட்டிக்குப் பதில் லேசர் ஒளி.

ஒளி எப்படி ஓசை எழுப்பும்? தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல்லே 1880-இல் இதைக் கவனித்தார். சூரிய ஒளியை விட்டு விட்டு ஒரு பொருளின் மேல் விழவைத்தால் அது ஓசை எழுப்பியது. கறுத்த பொருளில் ஓசை பலமாகக் கேட்டது. காரணம் எளிது. ஒளியை உறிஞ்சிய இடம் சட்டென்று சூடாகி ஒரு துளி விரிகிறது, அந்த விரிவு ஓர் அழுத்த அலையாகக் கிளம்புகிறது. இன்றைய கருவியில் லேசர் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம்தான் மின்னும். அதில் திசு சூடாவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்தச் சிறு சூட்டுக்கே சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் எழும். காதுக்குக் கேட்காத உயர்ந்த ஒலி அது, வயிற்றின் மேல் வைத்த அல்ட்ராசவுண்ட் புரோபுக்குக் கேட்கும். ஒளி போய்ச் சேர நேரமே ஆகாது. ஒலி 3 செ.மீ. ஆழத்திலிருந்து மேலே வர சுமார் 20 மைக்ரோ நொடி ஆகும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து ஓசை எங்கேயிருந்து கிளம்பியது என்று கணக்கிட்டுப் படம் வரைகிறார்கள்.

இதில் சூட்டை அளப்பது எங்கே வருகிறது? உறிஞ்சிய ஒளி ஒரே அளவாக இருந்தாலும், திசு ஏற்கெனவே எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதைப் பொறுத்து எழும் ஓசை கூடும் குறையும். இதைக் குறிக்கும் எண்ணுக்கு க்ரூனைசன் எண் என்று பெயர். தண்ணீரில் அது 37 டிகிரியில் 0.20, 50 டிகிரியில் சுமார் 0.27. அதே ஒளிக்கு மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சத்தம் வருகிறது. தண்ணீர் 4 டிகிரியில் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. அந்தச் சூட்டில் இந்த ஓசை அடங்கியே போய்விடும். சூடு ஏற ஏறத் தண்ணீர் விரியும் வேகம் கூடுகிறது, ஓசையும் கூடுகிறது. நம் திசுவில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் அதிலும் இதே போக்குதான். கொழுப்பு மட்டும் நேர் எதிராக நடந்துகொள்ளும், சூடேறினால் ஓசை குறையும். கொழுப்பு படிந்த கல்லீரல் நம் ஊரிலும் நிறையப் பேருக்கு இருப்பதால் இதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

எனக்கு இந்த முறையில் பெரிய நம்பிக்கை வருவதற்குக் காரணம் இன்னொன்று. சூட்டோடு சேர்த்து, செத்ததா என்ற இரண்டாவது கேள்விக்கும் அது பதில் சொல்ல வாய்ப்பிருக்கிறது. உயிருள்ள திசுவில் ரத்தம் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் ஒளியை வேறு வேறு மாதிரி உறிஞ்சும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் அளவை வரைந்து பார்த்தால், 760 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் ஒரு தனி மேடு தெரியும். திசு வெந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து வேறு வடிவத்துக்கு மாறும், அந்த மேடு கரையும். இரண்டு மூன்று நிற லேசரை மாற்றி மாற்றி அடித்து, ஓசைகளின் விகிதத்தைப் பார்த்தால், வெந்த பகுதியும் வேகாத பகுதியும் பிரிந்து தெரியும். இதய நோயில் துடிப்பைச் சரிசெய்யக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு இதயத் தசையைச் சுடுகிறார்கள் அல்லவா, அங்கே இதை ஆய்வாளர்கள் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். சூட்டைச் சொல்ல ஒரு குறி, சாவைச் சொல்ல வேறொரு குறி, இரண்டும் ஒரே கருவியில். எம்.ஆர்.ஐ.யின் சூட்டுப் படம் சூட்டைச் சொல்லும். செத்ததா என்பதை 43 டிகிரிக் கணக்கைப் போட்டு நாம்தான் ஊகிக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? முதல் தடை ஆழம். ஒளி தோலுக்குள் ஒரு மி.மீ. போவதற்குள்ளேயே நேர்வழியை விட்டுச் சிதற ஆரம்பிக்கும். சிதறிய ஒளியை வைத்தே சில செ.மீ. ஆழம் வரை ஓசை எழுப்ப முடியும் என்றாலும், விலா எலும்புக்குப் பின்னால், ரத்தம் நிறைந்து கறுத்த கல்லீரலின் உள்ளே போவது கடினம். ஒளியைக் கூட்டலாமே என்றால் தோல் சுட்டுவிடும். கண்ணுக்குத் தெரியும் நிற ஒளிக்குச் சதுர செ.மீ.க்கு 20 மில்லிஜூல் என்று பாதுகாப்பு வரம்பு இருக்கிறது. அதனால் ஆய்வாளர்கள் ஒளியை வெளியிலிருந்து அடிக்காமல், ஒளியைக் கொண்டுபோகும் மெல்லிய இழையான ஃபைபரை ஊசியோடு உள்ளே கொண்டுபோய்க் கட்டியின் பக்கத்திலேயே ஒளியை விட்டு, ஒலியை மட்டும் வெளியில் கேட்கிறார்கள். எப்படியும் ஒரு ஊசி உள்ளே போகத்தான் போகிறது என்பதால் இது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. ஓசை கூடினால் சூடு கூடியது என்று உடனே சொல்லிவிட முடியாது. எழும் ஓசை மூன்று விஷயங்களின் பெருக்கல்: அங்கே விழுந்த ஒளி, திசு அதை உறிஞ்சும் அளவு, க்ரூனைசன் எண். சுடும்போது மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன. வெந்த திசு வெளுத்து ஒளியை அதிகம் சிதறடிப்பதால் ஆழத்துக்குப் போகும் ஒளியின் அளவு மாறுகிறது. ரத்த ஓட்டம் நின்றதும் உறிஞ்சும் அளவும் மாறும். குமிழ் வந்துவிட்டால் ஒலியின் பாதையே அடைபடும். ஆகவே 50 டிகிரி வரை அழகாகச் சூட்டைச் சொல்லும் கணக்கு, திசு உறைய ஆரம்பித்ததும் தடம் மாறிப்போகிறது. இதைத் தாண்ட அடுத்தடுத்து இரண்டு லேசர் மின்னலை விட்டு, முதல் மின்னலின் சூடு ஆறுவதற்குள் இரண்டாவதின் ஓசையை ஒப்பிடும் வழிகள் வந்திருக்கின்றன. ஒப்பிட்டு வகுத்துவிட்டால் ஒளியின் அளவு கணக்கிலிருந்து கழன்றுவிடும். மேசை மேல் நன்றாக நடக்கிறது. மூச்சு விடும் மனிதரிடம் நடப்பதுதான் பாக்கி.

மூன்றாவது நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது, இதைப் பற்றி நான் எங்கே போனாலும் பேசுகிறேன். தோலின் கறுப்பு நிறமியான மெலனின் ஒளியை நிறைய உறிஞ்சும். கறுத்த தோலில் மேலேயே பலமான ஓசை கிளம்பி, ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஓசையைக் கலைத்துவிடும். உள்ளே போகும் ஒளியும் குறையும். வெயிலில் வயல் வேலை, தோப்பு வேலை பார்த்த நம் ஆட்களின் தோலில் இந்தக் கருவிகளைச் சோதிக்காமல், வெளுத்த தோலில் மட்டும் சரிபார்த்து இங்கே கொண்டுவந்து வைத்தால், அதன் படத்தை நம்ப முடியாது. ஆய்வு நம் நாட்டிலும், நம் மக்களிடமும் நடக்க வேண்டும். உள்ளே ஃபைபர் விடும் முறையில் தோலின் தடை பெரிதும் விலகிவிடும் என்பதும் அதை நான் விரும்புவதற்கு ஒரு காரணம்.

ஒளி-ஒலிப் படம் மருத்துவத்துக்கு வந்தே விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மார்பகக் கட்டி சாதாரணமானதா, புற்றுநோயா என்று பார்க்க உதவும் இமாஜியோ என்ற கருவிக்கு மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. மார்பகத்தில் ஆழம் குறைவு, எலும்பு குறுக்கே இல்லை. சூட்டைக் கண்காணிப்பதும் முதலில் இப்படி மேலோட்டமான இடங்களில்தான் வரும் என்று நினைக்கிறேன். கல்லீரல் பிறகுதான்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு "முழுசாக வெந்ததா" என்பதற்குப் பதில் சொல்வது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். செத்த திசுவில் ரத்தம் ஓடாது, அதனால் மருந்து அங்கே ஏறாது. அந்த இடம் படத்தில் கறுப்பாகவே இருக்கும். ஓரத்தில் எங்காவது மருந்து ஏறினால் அங்கே உயிர் மிச்சமிருக்கிறது என்று பொருள். மிச்சம் தெரிந்தால் மறுபடியும் ஒருமுறை சுடலாம், அது தோல்வி என்று பயப்படாதீர்கள். பொதுவாக ஒரு மாதம் கழித்து முதல் ஸ்கேன், அதற்குப் பிறகு மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை என்று வரச் சொல்வார்கள். பஸ் செலவு, ஒருநாள் கூலி என்று பார்த்து அந்த ஸ்கேனைத் தவறவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சுடும் நேரத்தில் ஓரத்தை யாராலும் தெளிவாகப் பார்க்க முடியவில்லை என்பதால்தான் அந்த ஸ்கேனுக்கு இவ்வளவு மதிப்பு.

சிகிச்சைக்கு முன்னால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: கட்டிக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஏதும் ஓடுகிறதா? ஓடினால் அந்தப் பக்கத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்? சுற்றிலும் எத்தனை மி.மீ. ஓரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? நல்ல டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டியே விளக்குவார். முன்னால் எடுத்த ஸ்கேன், பின்னால் எடுத்த ஸ்கேன் இரண்டும் பதிந்த கம்ப்யூட்டர் தட்டுகளை வாங்கி வையுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் ஓரம் எந்தப் பக்கம் குறைந்தது என்று தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், போகும் ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தோப்பு வேலை பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். லேசான காய்ச்சல், உடம்பு வலி, அசதி சில நாள் இருக்கும், செத்த திசுவை உடம்பு அப்புறப்படுத்தும்போது வருவது அது. நடமாட்டத்துக்குத் தடை இல்லை. மாங்காய்க் கூடை தூக்குவது, மரம் ஏறுவது இதெல்லாம் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் பெங்களூர் போய்ச் சேரலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், டிஸ்சார்ஜ் தாள் கையில் இருக்கட்டும், என்றைக்குச் சுட்டார்கள், எந்தப் பக்கம் சுட்டார்கள் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.